அம்மாவின் வருஷத் திதிக்கு முன், அக்காவுக்கு

அக்கா,

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு வருஷத் திதி. காரியத்தன்று சித்தப்பா வீட்டில் நீ சொன்னதெல்லாம் இங்கே வேண்டாம். சொந்தக்காரர்களும் இதைப் படிக்கிறார்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அம்மா கேட்ட அந்தச் சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்தது நான்தான்.

நீ சொன்னதுபோல் காசுக்குப் பார்த்து அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரவில்லை. இங்கே பர்மாவில் 2006இல் வந்த சட்டப்படி ஆஸ்பத்திரியில் புகைக்க முடியாது. அதனால்தான் வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடித்தாள்.

நம் மோல்மீன் ஊர் மழை உனக்குத் தெரியாததா? மூன்றாம் நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. "ஸே கொடுடி" என்றாள். மாத்திரை அட்டையை நீட்டினேன். பர்மியில் மருந்தும் ஸே, புகையிலையும் ஸே. "அந்த ஸே இல்லடி" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நறுவிலி இலையில் சுற்றிய பெரிய சுருட்டு. எனக்குப் பற்றவைக்கத் தெரியாமல் நான்கு குச்சி வீணாயிற்று. நெருப்புத் துளி உதிருமே, வழக்கம்போல் சிரட்டையை முகவாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டாள். கை நடுங்கியது. நானும் அடியில் கை கொடுத்தேன். இரண்டே இழுப்பு. அப்புறம் தூங்கிவிட்டாள்.

மன்னித்துக்கொள். இன்னொரு முறை கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

அவள் விடாமலா இருந்தாள்? உன்னைச் சுமந்தபோது விட்டாள், பால் மறக்கடித்ததும் மறுபடி தொட்டாள். எனக்கும் தம்பிக்கும் அதே கதை. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, புகை வாசம் பக்கத்து வீட்டு பர்மாக்காரியுடையது என்று சொல்லச் சொன்னது நீ. சொன்னது நான். அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பர்மாக்காரி தெருவில் புகைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழச்சி புகைத்தால் மானம் போய்விடும். இத்தனைக்கும் இங்கிலீஷில் ஊர் உலகம் சொல்லும் செரூட் என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து வந்ததுதான்.

நீ சென்னைக்குப் போய்விட்டாய். "விடச் சொல்லு" என்று போனில் சொல்வது சுலபம். ராத்திரி முழுக்க அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு கிடந்தவள் நான்.

சரி, கோபத்தில் எழுதுகிறேன்.

பெட்டியில் உனக்கென்று அவள் வாங்கிவைத்த தனாக்கா கட்டை, முகத்தில் அரைத்துப் பூசுவோமே அது, கிடைத்தது. அதிலும் சுருட்டு வாசம்தான். துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வந்தால் எடுத்துக்கொள். சிரட்டையைத் தர மாட்டேன்.