கீழாநெல்லி ஆய்வு: சொல்லப்படாத பின்பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கைகண்ட மருந்து என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வே மெய்ப்பித்துவிட்டது என்று மூலிகைக் கட்டுரைகளிலும் மேடைகளிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அப்படியோர் ஆய்வு நடந்தது உண்மை. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஆய்வும்கூட. ஆனால் அதன் முன்பாதி மட்டுமே மக்களிடம் வந்து சேர்ந்திருப்பது கவலை தருவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், கல்லீரலைத் தாக்கிக் காமாலையை உண்டாக்கக்கூடிய ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டறிந்த பணிக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிவியலாளர் புளும்பெர்க்குடன் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவு 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. அந்த வைரசை நெடுநாளாக உடலில் சுமந்தவர்களில் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடி 30 நாள் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு மருந்துச் சரக்கு இல்லாத போலி மருந்து. பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேலுறைப் புரதம் பின்னர் காணப்படவில்லை. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. இத்தகையவர்களிடம் அப்புரதம் தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் என்பதால், இம்முடிவு உலகெங்கும் எதிர்பார்ப்பை எழுப்பியதில் வியப்பில்லை. எனினும் இதை முதற்கட்ட ஆய்வு என்றே அக்குழுவினர் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தச் சொல்தான் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

பின்பாதி இதுதான். 1990-இல் தாய்லாந்து ஆய்வும் 1994-இல் நியூசிலாந்து ஆய்வும் அந்த வைரசைப் போக்கும் பயன் எதையும் காட்டவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, போலி மருந்தைவிட இச்செடி மேலானது என்று நம்பத்தக்க சான்று இல்லை எனக் கூறியது. வைரஸ் எதிர்ப்பு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தபோது சற்றுப் பயன் தென்பட்டாலும், அந்த ஆய்வுகளின் தரம் போதாது என்றும் அது குறிப்பிட்டது.

தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மழைக்குப் பின் வரப்போரம் முளைக்கும் இச்செடிக்கு உறவுச் செடிகள் பல உண்டு. இலைகள் அடுக்கிய சிறுகிளையின் கீழ்ப்புறம் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்குவதை மட்டும் பார்த்துப் பறிப்பவர் எளிதில் ஏமாறுவார். பூவின் புறவிதழ்கள் ஐந்தா ஆறா என்று கைவில்லையில் எண்ணிப் பார்த்தால்தான் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இரு இனங்கள் பிரியும். தண்டு சிவந்து, காயின் மேல் சொரசொரப்பாக இருப்பது வேறொன்று. பல ஆண்டுகள் இந்தியக் கீழாநெல்லி முழுவதையும் அமெரிக்கச் செடி ஒன்றின் பெயராலேயே ஆய்வேடுகள் குறித்துவந்தன. ஆகவே வெவ்வேறு ஊர்களின் முடிவுகளை ஒப்பிடும் முன், எல்லாரும் ஒரே செடியைத்தான் உண்ணக் கொடுத்தார்களா, அது எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பறிக்கப்பட்டது என்று கேட்டாக வேண்டும். எந்த இனம் என்று உறுதி செய்யாமல் தொடங்கும் மூலிகை ஆய்வு, முதல் நாளிலேயே பயனற்றுப் போகிறது.

மோரில் அரைத்துக் குடித்து, உப்பில்லாப் பத்தியமும் காத்துக் குணமானவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அசுத்தமான நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிபவை. மருந்து குணமாக்கியதா, காலம் குணமாக்கியதா என்பதைப் பிரித்தறிய, ஒப்பீட்டுப் பிரிவுள்ள ஆய்வைத் தவிர வேறு வழியில்லை. பித்தநாளத்தில் கல் அடைத்து வரும் காமாலையும், கர்ப்பிணிக்கு வரும் ஹெபடைடிஸ் ஈ-யும் காத்திருக்க அனுமதிப்பதில்லை. எந்த வகைக் காமாலை என்று இரத்தப் பரிசோதனையில் தெரியாமல் வேரோடு பிடுங்கி அரைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். இதைச் சித்த மருத்துவத்தின் மீதுள்ள மதிப்பினாலேயே சொல்கிறேன்.

தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுவும், ஆய்வுக்கு எடுத்த செடியின் உலர்மாதிரியைப் பாதுகாத்து, பயன் தராத முடிவுகளையும் சேர்த்துத் தமிழிலேயே சுருக்கமாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் மூலிகை பற்றிய ஆய்வுச் செய்தி எதை வெளியிட்டாலும், அது சோதனைக் குழாயில் கண்டதா, விலங்கில் கண்டதா, எத்தனை மனிதர்களிடம் கண்டது என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.