இரண்டு வாரத் தொண்டு யாருக்காக?

ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்கக் குழந்தைகள் இல்லங்களுக்குத் தொண்டுசெய்யப் போகத் துடிக்கும் இளைஞர்களின் விசுவாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புதுப்புது அண்ணன், அக்காமார் வந்து இரண்டு வாரம் கொஞ்சிவிட்டு, படமும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால், ஒவ்வொரு முறையும் ஏங்கிப்போவது அந்தப் பிள்ளைதானே?

கென்யாவின் நியும்பானி இல்லத்தைப் பாருங்கள். 1992-ல் நைரோபியில் அதைத் தொடங்கிய ஏஞ்சலோ டாகோஸ்டினோ சேசு சபைக் குரு, மருத்துவரும்கூட. எச்.ஐ.வி.யோடு பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் அது. ஜெபத்தோடு நின்றுவிடவில்லை. அந்தப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க மறுத்தபோது நீதிமன்றம் போனார்கள். 2004-ல் வழி பிறந்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கிட்டூய் பகுதியில் அவர்கள் அமைத்த கிராமம். எய்ட்ஸுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளை அங்கே வளர்ப்பவர்கள், அதே நோய்க்குத் தங்கள் மக்களைப் பறிகொடுத்த பாட்டி தாத்தாக்கள். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் சேர்த்தே விசாரிக்கச் சொல்கிறது வேதாகமத்தின் யாக்கோபு நிருபம் (1:27). நம்மில் பலர் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

விமானச் சீட்டுக்குக் காணிக்கை திரட்டும் சபைகள் முதலில் கேட்கட்டும்: போகிறவர் செவிலியரா, ஆசிரியரா? ஓராண்டாவது தங்குவாரா? சுவாஹிலி கற்றுக்கொள்வாரா? இல்லையென்றால் அந்தப் பணம் பாட்டிமார் வளர்க்கும் வீடுகளுக்கே போகட்டும்.

— ஒரு வாசகர், பாளையங்கோட்டை