கிழியாமல் மடிப்பது குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மணிக்கட்டு வலி குறைந்து மீண்டும் ஓரிகாமி, அதாவது காகித உருவங்கள், மடிக்க உட்கார்ந்துவிட்டாய் என்று படித்தபோது உண்டான மகிழ்ச்சி, அடுத்த பத்திக்கு வந்ததும் வாடிப்போனது. நான்கு நாள் உழைத்து மடித்த கலைமான், கொம்புகளைப் பிரிக்கும் நேரத்தில் நெற்றியில் கிழிந்தால் மனம் என்ன பாடுபடும் என்பதை நான் அறிவேன். சென்ற ஆண்டு என் வண்டின் ஆறாவது காலை ஒடுக்கும்போது அதன் வயிற்றில் கடுகளவு ஓட்டை விழுந்தது. அன்று மாலை யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மறுநாள் அந்த வண்டை முழுவதும் பிரித்து விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டை விழுந்த இடத்தில் எட்டு மடிப்புக்கோடுகள் ஒரே புள்ளியில் கூடியிருந்தன. அவையனைத்தும் முதல் அரை மணி நேரத்தில் நான் நகத்தால் அழுத்தித் தேய்த்தவை. பிறகு முனையை உள்ளே அமிழ்த்துவதற்காக அவற்றில் பலவற்றை எதிர்ப்பக்கமாகவும் திருப்பியிருந்தேன். ஒவ்வொரு திருப்பலிலும் சில இழைகள் அறுந்துகொண்டே வந்து, கடைசி நாளில் தாங்குவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. உன் மானின் நெற்றியிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அன்றுமுதல், கோடுகளெல்லாம் ஒருசேர மடிந்து வடிவம் முழுமையாக ஒடுங்கும் வரை எந்தக் கோட்டையும் நகத்தால் தொடுவதில்லை. விரல் நுனியின் சதையால் மெல்ல வருடினாலே காகிதம் கோட்டை நினைவில் வைத்துக்கொள்கிறது. விளிம்பிலிருந்து விளிம்புவரை கோடு இழுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். வரைபடத்தில் எவ்வளவு தூரம் தேவையோ அவ்வளவுதான் மடிக்கிறேன், பல கோடுகள் கூடும் புள்ளிக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுகிறேன். மடிப்பு உள்ளே போக மறுத்தால் விரலால் குத்தித் தள்ளாதே. பக்கத்து மடிப்புகளை இரண்டு படி தளர்த்து, அது தானாக இறங்கும்.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமரும்போது, வெளி அடுக்கு உள்ளிருக்கும் அத்தனையையும் சுற்றிவர வேண்டியிருப்பதால், அதன்மேல்தான் இழுப்பு விழுகிறது. ஆகவே 15 சென்டிமீட்டர் சதுரத்தில் இத்தகைய விலங்கைத் தொடங்குவதே தவறு. 35 சென்டிமீட்டருக்குக் குறையாத, மெல்லிய, நீண்ட இழையுள்ள காகிதம் வேண்டும். ஜப்பானியர்கள் வாஷி என்னும் தங்கள் மரபுக் காகிதத்தைச் செய்யப் பயன்படுத்தும் கோசோ மரப்பட்டையின் இழை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளம் உடையது, சாதாரணத் தாளின் இழையோ ஓரிரு மில்லிமீட்டர்தான். வாஷி கிடைக்காவிட்டால் இரண்டு டிஷ்யூ தாள்களை மீதைல் செல்லுலோஸ் பசையால் கண்ணாடிமேல் ஒட்டி உலரவிடு. அந்தப் பசைத்தூளை வெந்நீரில் கலக்கினால் பரவும், நீர் ஆறிக் குளிரும்போதுதான் கரையும். இதை அறியாமல் முதல் முறை கட்டி கட்டியாகக் கிண்டி வீணாக்கினேன். உலோகத்தாள் ஒட்டிய காகிதம் பார்க்க அழகுதான், ஆனால் திருப்பித் திருப்பி மடித்த முனைகளில் அது வெடித்துவிடுகிறது. எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை.

சற்றுத் தடித்த தாளாக இருந்தால் ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா வளர்த்தெடுத்த ஈரமடிப்பு முறை, அதாவது தாளை லேசாக ஈரப்படுத்தி மடிப்பது, கைகொடுக்கும். ஈரத்தில் இழைகள் தளர்ந்து வளைவுக்கு இணங்குகின்றன, உலர்ந்தபின் அப்படியே விறைத்து நிற்கின்றன. தாளைப் புறங்கையில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், நனைந்த பளபளப்புத் தெரியக் கூடாது. அந்த எல்லையைத் தாண்டினால் உலர்ந்த தாளைவிட விரைவாகக் கிழியும்.

கலைமானை எறிந்துவிடாதே. ஒரு துணுக்கு டிஷ்யூவைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தெடு. ஓரத்து இழைகள் பிசிறாக இருந்தால்தான் ஒட்டு வெளியே தெரியாது. பசை தடவி நெற்றியின் உட்புறம் வைத்து ஓர் இரவு உலரவிட்டுப் பிறகு கொம்புகளைத் தொடு. அதற்கு முன் நெற்றியில் எத்தனை கோடுகள் கூடுகின்றன என்று எண்ணி எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்