ஆம்ப்ளிஃபயர் வாங்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டில் ஸ்டீரியோவைப் பொருத்திய நாளிலிருந்து பாடகரின் குரல் மங்கிப்போய், மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கம், மட்டும் அறை முழுவதும் அதிர்கிறது என்றும், அதற்காக ஆம்ப்ளிஃபயரை மாற்றப்போவதாகவும் எழுதியிருந்தாய். அந்தச் செலவைச் சற்றுத் தள்ளிவை. நம் வீட்டில் அத்தனை இனிமையாக ஒலித்த அதே ஸ்பீக்கர் பெட்டிகள்தாம் அவை, மாறியிருப்பது அறை.

நீ அனுப்பிய படத்தில் இரண்டு ஸ்பீக்கர்களும் மூலைகளில் ஒட்டி நிற்கின்றன. தாழ்ந்த ஒலியின் அலை மிக நீளமானது. 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது ஏறத்தாழ 7 மீட்டர். அத்தகைய ஒலி பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவுவதால், பின்சுவரும் பக்கச்சுவரும் அதைத் திருப்பி அனுப்பி, நேரே வரும் ஒலியோடு சேர்த்துப் பெருக்கிவிடுகின்றன. குரல் அதற்கடியில் அமுங்கிப்போகிறது. ஆகவே பெட்டிகளைப் பின்சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னே கொண்டுவந்து, மூலையை விட்டும் விலக்கு. பிறகு அரையடி அரையடியாக நகர்த்தி, தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும், உனக்கு நன்கு பழகிய ஒரே தனி ஆவர்த்தனத்தைத் திரும்பத் திரும்பக் கேள். தொப்பியில் கும்கி என்னும் குழைந்த நாதம் வழுக்கி எழுவது தனியாகவும், வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் தனியாகவும் காதில் விழும் இடம் ஒன்று வரும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. நீயும் அவசரப்படாதே.

ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரத்தில் உன் நாற்காலி இருக்கட்டும். அதன் முதுகு சுவரில் ஒட்ட வேண்டாம். பெட்டிகளை அசையாத பீடத்தின் மேல் ஏற்றி, உச்ச ஒலியைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரை உன் காதின் உயரத்துக்குக் கொண்டுவா. கம்பிகளின் சிவப்பு, கறுப்பு முனைகள் இரு பக்கமும் ஒன்றுபோல் மாட்டப்பட்டுள்ளனவா என்றும் பார். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி மெலிந்து, குரல் நடுவில் நில்லாமல் சிதறும். உனக்குத் தொப்பி அதிர்வதால் அது சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் ஒலி எதிரொலித்துக் கூசும். அம்மா தந்த பவானி ஜமக்காளத்தை மடித்துப் பெட்டிகளுக்கும் நாற்காலிக்கும் நடுவே விரி. அது மேல்ஒலியின் கூச்சத்தைத்தான் குறைக்கும். தொப்பியின் அதிர்வுக்கு மருந்து பெட்டிகளை நகர்த்துவதே. பக்கச்சுவரில் யாரையாவது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மெல்ல நகர்த்தச் சொல்லி, நீ இருந்த இடத்திலிருந்தே பார்; கண்ணாடியில் ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ, ஒலி சுவரில் பட்டு உன்னிடம் திரும்பும் இடம் அதுவே; அங்கே உன் புத்தக அலமாரியை வை.

விலையுயர்ந்த கம்பியெல்லாம் வேண்டாம். நான்கைந்து மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும்.

இவற்றைச் செய்து கேட்டுவிட்டு, தொப்பி அடங்கியதா என்று எழுது. ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா