கன்று போதும், தண்ணீர் தாருங்கள்

வெள்ளவத்தைக் கால்வாய்க்கரைப் பசுமைத் திடலுக்குத் தோள்கொடுத்து வரும் கடைக்காரர்கள், பாடசாலைகள், கோயில் சபையினர், தொடர்மாடிக் குடியிருப்பாளர்கள், மாநகர சபை ஊழியர்கள் அனைவருக்கும்,

வணக்கம். குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த துண்டுக் காணியில் இன்று மருதும் புங்கும் பூவரசும் நிற்கின்றன என்றால் அது உங்களால்தான். கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போலவே ஒட்டிக்கொண்டிருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைப் பிள்ளைகள் இலை இலையாகப் புரட்டித் தேடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. மிக்க நன்றி.

இப்போது உரிமையோடு ஒன்று கேட்கிறேன். ஜூன் 5 சுற்றாடல் தினம் வந்தால் கன்றுகள் குவிகின்றன, கூடவே அனுசரணையாளர் பெயர்ப்பலகையும் வருகிறது. சரி, நட்டு முடித்துப் படமும் எடுத்தாயிற்று. அப்புறம்? ஜனவரி, பெப்ரவரியில் கொழும்பில் மழை குறைந்துவிடும். ஆழமாக வேர் விடாத கன்று வாடிச் சாவது அப்போதுதான். அடியில் தென்னந்தும்பும் சருகும் பரப்பினால் ஈரம் கொஞ்சம் நிற்கும். ஆனாலும் ஒருவர் வாளியோடு வரத்தான் வேண்டும். அதனால் வரும் வருடம் கன்றுகளைக் குறையுங்கள். அந்தக் காசைத் தண்ணீருக்கும், திடலைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் கூலிக்கும் மாதாமாதம் தாருங்கள். கூலிக்குப் பலகை வைக்க முடியாது என்பதால் அதைக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. திடலை உயிரோடு வைத்திருப்பதோ அந்தக் கூலிதான்.

தொடர்மாடியில் சிலர் டெங்குப் பயத்தில் செடிகொடிகளை எல்லாம் வெட்டச் சொல்கிறீர்கள். பயம் நியாயமானது. ஆனால் டெங்கு நுளம்பு பெரும்பாலும் முட்டையிடுவது யோகட் கோப்பை, சிரட்டை, பழைய டயர், அடைபட்ட கூரைப்பீலி போன்றவற்றில் தேங்கும் நீரில். மழை விட்ட மறுநாள் எங்களோடு வந்து அவற்றைப் பொறுக்குங்கள். உங்கள் மொட்டைமாடியையும் ஒருதரம் பாருங்கள்.

கடைக்காரர்கள் தரும் மரக்கறிக் கழிவு நல்ல கூட்டெருவாகிறது. பொலித்தீனை மட்டும் பிரித்துத் தந்தால் போதும்.

மாநகர சபைக்கு ஒரு வார்த்தை. கோட்டே, கிருலப்பனைப் பக்கத்து மழைநீர் கடலுக்கு இறங்கும் வழிகளில் இந்தக் கால்வாயும் ஒன்று. 2018 இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகர அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது. அந்தப் பெருமை பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களோடு நின்றுவிடக் கூடாது. இந்தக் கரைக்குச் சீமெந்து போடும் யோசனை எழுந்தால் முதலில் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மண்கரை இருந்தால்தான் நீர் ஊறும், கபரகொய்யா என்னும் நீர் உடும்புக்கும் ஏறி இறங்க வழி இருக்கும்.

எந்த மாதத் தண்ணீர் யார் பொறுப்பு என்பதை டிசம்பர் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். தைப்பொங்கல் முடிந்த கையோடு முறை தொடங்க வேண்டும்.

அன்புடன்,
திடல் பராமரிப்புக் குழுவில் ஒருவர்