சித்தியின் பெயரைத் திரும்ப எழுதுங்கள்

எங்கள் சபைப் போதகர் ஐயாவுக்கும் சபைக்குழுப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

என் மகனுக்கு ஐந்து மாதம் ஆகிறது. அவன் அப்பாவுக்கு வளைகுடாவிலிருந்து டிசம்பரில்தான் லீவு. அப்போது ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் விண்ணப்பத் தாளை வாங்கி வந்து மூன்று வாரம் ஆகியும் நான் இன்னும் நிரப்பவில்லை. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி, அதை விசுவாசத்தில் வளர்க்க வாக்குக் கொடுக்கும் 'ஞானத்தாய்' என்ற வரிக்கு வரும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்: ஆற்றில் முங்கி மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்ததற்காக, என் ஞானத்தாயான சித்தியின் பெயரைச் சபைப் புத்தகத்திலிருந்து வெட்டி, இறந்தபோது கல்லறை இடமும் மறுத்தீர்கள். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கிற நம் ஒரு சபையில் மட்டும் நடக்கிற காரியமாக இருந்தால் உங்கள் வீட்டுக்கு வந்து பேசியிருப்பேன். அப்படி இல்லை என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

1991ல் எனக்கு ஞானஸ்நானம் நடந்தபோது என்னைக் கையில் வைத்திருந்தவர் என் சித்தி. பதிவேட்டில் ஞானத்தாய் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. அந்த வேலையை அவர் வெறும் பெயரளவில் செய்யவில்லை. அம்மா முந்திரி ஆலைக்குப் போன நாட்களில் எனக்குக் கஞ்சி கொடுத்ததும், ஓய்வுநாள் பள்ளிக்குக் கூட்டிப்போனதும், கர்த்தருடைய ஜெபத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஜெபத்துக்குத் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

ரப்பர் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சித்தப்பா திடீரென்று இறந்தார். நம் சபையிலிருந்து மூன்றாம் நாள் ஜெபத்துக்கு எல்லோரும் வந்தீர்கள். அதன்பிறகு அந்த வீட்டுப் படி ஏறியவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்துத் தெருப் பெந்தெகொஸ்தே சபைப் பெண்கள் தினமும் சாயங்காலம் வந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், ஜெபித்தார்கள், ராத்திரிக்கு ஆகாரம் வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, 58 வயதில், சித்தி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போவதாகச் சொன்னார்.

குழித்துறை ஆற்றில் நடந்தது. நான் துண்டும் மாற்றுச் சேலையுமாகக் கரையில் நின்றேன். வெள்ளைச் சேலையில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றவர் முங்கி எழுந்து கரையேறி வந்து, "நல்ல தணுப்பு மக்களே" என்றார். தலை துவட்டும்போது நான் கேட்டேன்: "அப்ப சின்னதுல எடுத்தது ஞானஸ்நானம் இல்லையா சித்தி?" அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "அத நான் பொய்ன்னு சொல்லல்ல. அன்னைக்கு எங்க அம்ம என்னத் தூக்கிட்டுப் போனா. இன்னைக்கு நானா நடந்து போனேன்."

ஞானஸ்நானத்தைப் பற்றி நான் படித்ததிலும் கேட்டதிலும் இதைவிடத் தெளிவான பேச்சு இல்லை.

அடுத்த மாதமே சபைப் புத்தகத்திலிருந்து அவர் பெயரை வெட்டினீர்கள். திருவிருந்து இல்லை, சந்தா வாங்குவது இல்லை. அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். போன வருஷம் ஜூன் மாத இடவப்பாதி மழையில் அவர் இறந்தபோது, சித்தப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கென்று விட்டு வைத்திருந்த ஆறடி இடத்தைக் கேட்டு என் தம்பி உங்களிடம் வந்தான். "பெயர் இல்லாதவருக்கு இடம் இல்லை" என்று சொல்லி அனுப்பினீர்கள். ஒரு ராத்திரி முழுக்க உடல் ஃப்ரீசர் பெட்டியில் இருந்தது. மறுநாள் ஆம்புலன்சில் எல்லை தாண்டிக் கொண்டுபோய், அந்தப் பெந்தெகொஸ்தே சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். சித்தப்பா கேரளத்திலும் சித்தி தமிழ்நாட்டிலுமாகக் கிடக்கிறார்கள். 1956ல் மாநிலம் பிரித்தபோதுகூட நம் வீடுகளில் புருஷனையும் பெண்டாட்டியையும் யாரும் பிரிக்கவில்லை.

ஐயா, நம் மண்ணில் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. அதை நாம் கத்தோலிக்கர் கதை என்று தள்ளிவிடக் கூடாது. நம் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். டச்சுத் தளபதி டிலனாயிடம் கேட்டறிந்து விசுவாசத்துக்கு வந்தார். ஞானஸ்நானம் பெற ராஜ்ய எல்லைக்கு அப்பால் வடக்கன்குளம் வரை போனார். 1745ல் அங்கே தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022ல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது எல்லாரும் டிவியில் பார்த்தோம். எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறொன்று. காட்டில் போட்டுவிட்டுப் போன அந்த உடலின் எலும்புகளை, அரசனுக்குப் பயப்பட வேண்டிய சாதாரண மக்கள் தேடிப் பொறுக்கி, கோட்டாறு சவேரியார் கோவிலுக்குள் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒருவருக்கு மற்றவர்கள் செய்யக் கடமைப்பட்டது அது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மிடம் கேட்டது ஆறடி இடம்தான். காட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

நான் வேதசாஸ்திரம் படித்தவள் இல்லை. ஆனால் இந்த ஒரு வருஷமாக இதைப் பற்றி நிறையத் தேடிப் படித்தேன். முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்திய 'திதக்கே' என்ற சிறு நூல், ஓடுகிற தண்ணீரில் கொடுங்கள், அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடுங்கள், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்றுங்கள் என்கிறது. அவ்வளவு இலகுவாக இருந்திருக்கிறார்கள். 1970ல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காத பாப்டிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானமும், வளர்ந்தபின் தானாக விரும்பி எடுக்கும் விசுவாசி ஞானஸ்நானமும் ஒரே சபையில் இரண்டு வழிகளாக ஏற்கப்பட்டன. இவ்வளவு ஏன், நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியில் பிறக்காத பிள்ளை நம் குடும்பங்களில் குறைவு. அதை நடத்துகிற இரட்சணிய சேனையார் (சால்வேஷன் ஆர்மி) தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. அவர்களை யாராவது கிறிஸ்தவர்கள் இல்லை என்று சொல்கிறோமா? அவர்களோடு கன்வென்ஷன் பந்தலில் பக்கத்தில் உட்காருகிறோம். ஆற்றில் முங்கின சித்தியை மட்டும் வெளியே நிறுத்தினோம்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். 'ஒரே ஞானஸ்நானம்' என்று எபேசியருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. மறுபடியும் முங்கினால் முதல் ஞானஸ்நானத்தில் கடவுள் செய்தது போதாது என்றாகிவிடும் என்கிறீர்கள். 1982ல் பெரு நாட்டு லிமாவில் உலகத் திருச்சபைகள் கூடி எழுதிய அறிக்கையும் மறு ஞானஸ்நானம் என்று தோன்றும் எதையும் தவிர்க்கவே சொல்கிறது. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நான் ஆற்றில் இறங்கவில்லை. ஆனால் அதே அறிக்கை, யோசிக்காமல் எல்லாக் குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, அவர்களை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை விட்டுவிடும் சபைகளையும் எச்சரிக்கிறது. அந்த வரி நமக்கு இல்லையா? முதல் ஞானஸ்நானம் அழியாதது என்றால் சித்தியின் முதல் ஞானஸ்நானமும் அழியாததுதானே. அது நம் பதிவேட்டில், நம் ஆலயத்தில், நம் போதகர் கையால் நடந்தது. அதை வெட்ட எந்தப் பேனாவுக்கு அதிகாரம் இருக்கிறது?

சித்தி போன சபையின் பாஸ்டருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இடம் கொடுத்தீர்கள். அந்த நன்றியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அடக்க ஆராதனையில் "செத்த சபையிலிருந்து கர்த்தர் இந்தச் சகோதரியை வெளியே கொண்டுவந்தார்" என்று பிரசங்கித்தீர்கள். அந்தச் 'செத்த' சபையில்தான் அவர் ஜெபிக்கக் கற்றார். அங்கேதான் சித்தப்பா கிடக்கிறார். குழந்தை ஞானஸ்நானம் வெறும் தண்ணீர் தெளிப்பு என்று நீங்கள் சொல்லும்போது, என்னைக் கையில் ஏந்தி அவர் கொடுத்த வாக்கையும் வெறும் பேச்சாக்குகிறீர்கள். அவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார் என்பதற்கு நானே சாட்சி.

ஞானஸ்நானத்துக்காக இந்த நாட்டில் மனிதர்கள் இழந்தது கொஞ்சமில்லை. 1950ம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணையால், கிறிஸ்தவராகும் தலித் ஒருவருக்குப் பட்டியல் சாதி உரிமை இன்றுவரை கிடைப்பதில்லை. அதனால் ஆலயத்தில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழ்கிறவர்கள் நம் சபையிலேயே உண்டு. அரசாங்கம் ஒரு பதிவேட்டைக் காட்டி இப்படிப் பறிக்கிறது என்று நாம் போராட்டம் நடத்துகிறோம். நம் பதிவேட்டை வைத்து நாமும் பறிக்கலாமா? கேரளத்தில் யாக்கோபாயா, ஆர்த்தடாக்ஸ் சபைகளின் சண்டையில் பிணங்கள் நாள் கணக்கில் காத்துக் கிடந்து, அடக்க உரிமைக்காக 2020ல் சட்டசபை சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த அவமானம் நமக்கும் வரவேண்டாம்.

இப்போது ஞானஸ்நானம் என்றால் மண்டபம், ஃப்ளெக்ஸ், பிள்ளைக்கு வெள்ளைக் கோட், பிரியாணி என்று ஆகிவிட்டது. ஞானத்தாயாக யாரை நிறுத்துவது என்பதுகூட யார் கழுத்துச் செயின் போடுவார் என்பதைப் பார்த்து முடிவாகிறது. எனக்கு அது எதுவும் வேண்டாம். ஆராதனை நடுவில் போதகர் சபையைப் பார்த்து, இந்தப் பிள்ளையை வளர்க்க நீங்களும் துணையிருப்பீர்களா என்று கேட்பார். நாம் எல்லோரும் எழுந்து நின்று 'இருப்போம்' என்போம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என் பிள்ளையை அங்கே கொண்டுவர நினைக்கிறேன். அவனுக்குத் தெரியாத வயதில் அவனுக்காக ஒரு ஊரே வாக்குக் கொடுக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். சித்திக்காகவும் 1960களில் அப்படி ஒரு கூட்டம் எழுந்து நின்றிருக்கும். அந்த வாக்கு அவர் விதவையான மூன்றாம் நாளோடு முடிந்துவிட்டது.

நாளைக்கு என் மகன் வளர்ந்து ஆற்றில் இறங்கலாம். இறங்காமல் நம் ஆலயத்திலேயே, தன் விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் திடப்படுத்தல் எடுக்கலாம். இரண்டும் வேண்டாம் என்று தூரமாகக்கூடப் போகலாம். அப்போது அவன் பெயரும் வெட்டப்படும் என்றால், டிசம்பரில் நாம் கொடுக்கப்போவது என்ன வாக்கு?

நான் கேட்பது மூன்று காரியம். சித்தியின் பெயரைச் சபைப் புத்தகத்தில் திரும்ப எழுதுங்கள். ஞானஸ்நானம் எங்கே எடுத்தார், எத்தனை தரம் எடுத்தார் என்று பார்த்து யாருக்கும் கல்லறை மறுப்பதில்லை என்று சபைக்குழுவில் தீர்மானம் போடுங்கள். சித்தப்பாவின் கல்லறைக் கல்லில் சித்தியின் பெயரையும் பொறிக்க அனுமதி கொடுங்கள். உடல் எல்லைக்கு அந்தப்பக்கம் இருந்தாலும் பரவாயில்லை. கல்லுக்கும் கொத்துக்கூலிக்கும் ஆகிற பணத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு தமிழ் ஆராதனை முடிந்ததும் சபைக்குழு கூடுவதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளையோடு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். விண்ணப்பத் தாளும் கையில் இருக்கும்.

உங்கள் சபையின் மகள்