உப்புக்காற்றைக் கூண்டில் ஏற்றியது போதும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையின் பிரதேசச் செய்திப் பக்கத்தில், முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை ஒன்றில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கி நின்ற இரும்புத் தாங்கி சரிந்து விழுந்த செய்தியை வாசித்தேன். இரவில் விழுந்ததால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடவுள் புண்ணியம். அடுத்த வரிதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது: "கடலோரப் பிரதேசம் என்பதால் உப்புக்காற்றினால் துருப்பிடித்தல் தவிர்க்க முடியாதது என ஆய்வில் தெரியவந்துள்ளது."

எந்த ஆய்வு ஐயா? யார் செய்தது? செய்தியைப் படித்துவிட்டு நான் நேரில் போய்ப் பார்த்தேன். தாங்கி விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. உடைந்த கால்களின் வாயில் ஒட்டியிருந்த கறளை, அதாவது துருவைக்கூட யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஆய்வு செய்த பெருமகன் வீதியில் வாகனத்தை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார் போலும். கடல் தெரிந்திருக்கும். முடிவும் அங்கேயே கிடைத்திருக்கும்.

நான் முள்ளியவளையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். பட்டம் பெற்றவனல்லன். ஆனால் இரும்பு எங்கே உக்குகிறது, எதனால் உக்குகிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்லத் தெரியும். அந்தத் தாங்கிக்கு நான்கு கால்கள். கடலைப் பார்த்து நின்ற இரண்டையும் சுத்தியலால் தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது. ஒடிந்தவை வகுப்பறைப் பக்கம் நின்ற மற்ற இரண்டும். உப்புக்காற்று முன்கால்களுக்கு வழிவிட்டு, சுற்றிப் போய்ப் பின்கால்களை மட்டும் தின்றதாம்! அதுவும் மேலே தின்னவில்லை. கொங்கிறீற்று அடித்தளத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான் அவ்வளவு சேதமும்.

காரணம் அண்ணாந்து பார்த்தவுடனே தெரிந்திருக்க வேண்டும். தொட்டி நிரம்பி வழியும் நீருக்கான குழாய் அந்தப் பக்கத்தில்தான் முடிகிறது. அதைத் தரைவரை இறக்கி விடாமல் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். வழிந்த நீரெல்லாம் பின்கால்களின் அடியில் விழுந்திருக்கிறது. அடித்தளத்தின் மேற்பரப்பு வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும்; இங்கே குழிந்திருக்கிறது. நான் போன நேரமும் குழிக்குள் நீர் நின்றது. கால்களோ பொக்ஸ் பார், அதாவது உள்ளே வெற்றிடமான இரும்புக் குழாய். மேல்முனையை ஒரு தகட்டால் மூடி ஒட்டியிருந்தால் மழைநீர் உள்ளே இறங்கியிராது. மூடவில்லை. உள்ளே இறங்கிய நீர் வெளியேற அடியில் ஒரு துளையும் இல்லை. ஒடிந்த வாய்க்குள் விரலை விட்டேன், கறள் கருவாட்டுச் செதில்போலக் கழன்று வந்தது. வெளியே பெயின்ட் மினுங்குகிறது, உள்ளே இரும்பே இல்லை.

அந்தப் பெயின்ட் வேறு ஒரு கதை. கழன்று விழுந்த ஒரு பொருக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே நீலம், அதன் கீழே கறள், அதன் கீழே வெள்ளி நிறம், மறுபடியும் கறள். ஒவ்வொரு முறையும் கறளைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். விழாவுக்குப் பிரமுகர் வருகிறார் என்றால் முதல்நாள் பின்னேரம் பெயின்ட் வாளியோடு ஆள் வருவது வன்னியில் யாருக்குத் தெரியாது? தங்களுக்கும் தெரியாததல்ல, அந்த விழாப் படங்களைப் போடுவதே தாங்கள்தானே. கேள்விப் பத்திரத்திலும் (டெண்டர்) "இரண்டு தடவை பெயின்ட் பூசுதல்" என்றுதான் இருக்கும். கம்பித் தூரிகையால் வெள்ளையிரும்பு தெரியத் தேய்த்து, அன்றைக்கே முதற்பூச்சுப் பூச வேண்டும் என்ற வரி இராது. அந்த வரியைச் சேர்த்தால் விலை கூடும். விலை கூடினால் வேலை கிடைக்காது. குறைந்த விலை கேட்டவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டு, பிறகு கடலில் பிழை பிடிப்பதுதான் இங்கே வழக்கம்.

நாகம் (சிங்க் என்ற உலோகம்) பூசிய இரும்பு கறள் பிடிக்காது என்று அங்கே நின்ற ஒருவர் என்னோடு வாதாடினார். பூச்சு இருக்கும்வரை சரி. நாகம் 907 பாகை செல்சியசில் ஆவியாகிவிடும். இரும்பு உருக 1,500 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே வெல்டிங் ஒட்டு விழுகிற இடத்தில் நாகம் எரிந்து போய், வெறும் இரும்புதான் மிஞ்சும். ஒட்டியபின் அந்த இடத்தைத் தேய்த்து நாகம் கலந்த பெயின்ட் பூசுவது எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரிந்த வேலை. அந்தத் தாங்கியில் ஒரு மூட்டிலாவது அதன் அடையாளம் இருந்தால் நான் பட்டறையை மூடிவிடுகிறேன்.

உப்பு கறளை விரைவாக்காது என்று நான் சொல்லவில்லை. விரைவாக்கும். ஆனால் இரும்பு கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும், இரண்டில் ஒன்றைத் தடுத்தாலும் கறள் பிடிக்காது. சோதனைக் குழாய்களில் ஆணிகளைப் போட்டு, ஒன்றில் கொதித்தாறிய நீரும் மேலே எண்ணெயும், இன்னொன்றில் உப்புநீர் என்று சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் செய்து பார்க்கிறார்கள். இந்தப் பாடசாலைப் பிள்ளைகளும் செய்திருப்பார்கள். அவர்களையே அழைத்து விசாரித்திருந்தால் இதைவிட நல்ல அறிக்கை கிடைத்திருக்கும், செலவும் மிச்சம்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தைத் தங்கள் நிருபர் அறிந்திருக்க வயது போதாது. தாங்கள் அறிவீர்கள். சீமெந்தும் இரும்புக் கம்பியும் பற்றரியும் வவுனியாவை அடுத்த தாண்டிக்குளச் சோதனைச் சாவடிக்கு இப்பால் வராது. என் தகப்பனார் வளைந்த ஆணியை நிமிர்த்திக் கழிவு ஒயில் தகரத்துக்குள் போட்டு வைப்பார். கலப்பைக் கொழுவுக்கு ஒயில் கிடைக்காவிட்டால் இலுப்பெண்ணெய் பூசுவார். மாரி தொடங்க முன்பு வீட்டுக் கூரைத் தகரத்தின் ஆணித்துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அடைப்பார், ஏனென்றால் வெறும் இரும்பாணி அடித்த இடத்தில் அதைச் சுற்றியுள்ள நாகம்தான் முதலில் கரையும், பிறகு துளை பெருக்கும். அந்தத் தகரங்கள் நாங்கள் இடம்பெயரும்வரை கூரையில் இருந்தன. கடல் அப்போதும் இதே இடத்தில்தான் இருந்தது ஐயா. இன்றைக்குப் பெயின்ட் இல்லாத கடை இல்லை, தேய்ப்பதற்குத்தான் ஆளில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 2016 இல் வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 உருக்கு வீடுகள் தருவோம் என்று ஒரு திட்டம் வந்ததே, நினைவிருக்கிறதா? வெக்கை ஒருபுறம் இருக்க, இந்த வீடுகள் எத்தனை காலம் நிற்கும், கறள் பிடித்தால் யார் பார்ப்பது என்று பொறியியலாளர்களே கேட்டார்கள். அப்போது உப்புக்காற்று எங்கே போயிருந்தது? இரும்பை எங்கள் தலையில் கட்ட வேண்டும் என்றால் வன்னியில் காற்றே வீசாது. இரும்பு விழுந்ததற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் திடீரென்று கடல் பொங்கிவிடும்.

கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கம்பியும் தப்பவில்லை. கொங்கிறீற்றின் காரத்தன்மை கம்பியைக் காக்கிறது. உப்பு உள்ளே போனால் அந்தக் காப்பு உடைந்துவிடும். கறளுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும் என்பதால் அது கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். உவர்க் கிணற்று நீரிலும் கழுவாத கடல் மணலிலும் கலவை போட்ட கட்டடங்களில் தூண் வெடித்துக் கம்பி பல்லிளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே உப்பைக் காற்று கொண்டுவரவில்லை, ஒப்பந்தக்காரர் வாளியில் அள்ளி ஊற்றினார். இதைப் பற்றி முன்பொருமுறை தங்களுக்கு எழுதினேன். ஒப்பந்தக்காரர் பற்றிய பகுதியை நீக்கிவிட்டு, "மணல் தட்டுப்பாடு: வாசகர் கவலை" என்று நான்கு வரி போட்டீர்கள். இடப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் முல்லைத்தீவு வட்டுவாகலில் புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் கம்பிகளுக்கு மேல் எவ்வளவு கனத்துக்குக் கொங்கிறீற்று மூடப்படுகிறது என்று தங்கள் நிருபர் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாரா?

பாரிஸிலிருக்கும் என் மருமகன் ஈபிள் கோபுரத்தின் முன்னால் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். 1889 இல் கட்டிய இரும்பு. ஏறத்தாழ ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அதற்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், கழன்ற பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு அடிக்கிறார்கள். எங்கள் தண்ணீர்த் தாங்கியை வருடத்துக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்க்க ஒரு ஆள் இல்லையா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பாடசாலை வளவில் கிடக்கும் கால்களைப் பழைய இரும்பு லொறிக்காரர் இரண்டு தடவை விலை கேட்டுவிட்டாராம். காவலாளி சொன்னார். அவற்றை விற்றுவிடாமல், ஒரு தகுதியான பொறியியலாளர் வந்து பார்க்கும்வரை வைத்திருக்கும்படி ஒரு சிறு குறிப்பைத் தங்கள் பத்திரிகையில் போடுங்கள். அதே அமைப்பில், அதே நீலப் பெயின்டோடு, அயல் ஊர்ப் பாடசாலைகளிலும் தாங்கிகள் நிற்கின்றன. மாரி தொடங்க முன்பு அவற்றின் அடிக்கால்களை ஒரு சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம். தங்கள் நிருபரும் வரலாம். வாகனத்தை விட்டு இறங்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரன்,
முள்ளியவளை.